உயிரோடிருந்தவருக்கு எள்ளும் தண்ணீரும்

இந்த ஆடி அமாவாசைக்கும் மாமாங்கத்துக்குப் போய் வந்தேன். மகன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய்க் கோயில் வாசலில் இறக்கிவிட்டான். முழங்கால் இரண்டும் இப்போது என் சொல்லைக் கேட்பதில்லை. உங்களுக்கும் அப்படித்தான், தீர்த்தக் குளத்துப் படியில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கிய கூட்டம்தானே நாம். மூன்று முறை தலையை நனைத்து ஏறுவதற்குள் இந்த வருடத்துக்கென்று இருந்த பலம் எல்லாம் முடிந்துவிட்டது.

ஈரச் சேலையோடு பந்தலில் குந்தியிருந்தபோது உங்களில் ஒருத்திதான் கேட்டாள், "உங்கட அப்பா எப்பகா மோசம் போனவர்?" என்று. அந்த இடத்தில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. தகப்பனை இழந்தவர்கள் கூடுகிற நாளில் வேறு என்னத்தைக் கேட்பது. "கன காலம்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கோபித்திருக்க மாட்டாள். ஆனால் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கேள்வி என்னோடேயே கிடக்கிறது. நம் வயதில் மருந்துப் பையைச் சுமப்பதே போதும். இதையாவது உங்களிடம் இறக்கி வைத்துவிடுகிறேன்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்கு இரண்டு வருடம் முந்திய ஆடி அது. எனக்குப் பதினொரு வயது. வாவியின் கிழக்கே, எழுவான்கரையில், அம்மாவின் சீதன வீட்டில் இருந்தோம். நான் ஒரே பிள்ளை. நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்த ஆண் ஒரு பெட்டியோடு அங்கே வந்து சேருவான். அப்பாவும் அப்படித்தான் வந்தார். போனபோதும் அதே தகரப் பெட்டியோடுதான் போனார்.

அவர் பெரிய வயல்காரரான ஒரு போடியாரின் உழவு மெசின் ஓட்டினார். போடியாரின் வயல்கள் வாவிக்கு அங்கால், படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கும் அப்பால் ஒரு பெரிய வட்டை வயல்வெளியில் கிடந்தன. விதைப்புக் காலத்தில் வயலோரத்து வாடியிலேயே படுத்துவிடுவார். சனிக்கிழமை பின்னேரம் வாவியைக் கடந்து வருவார். மனிதரையும் சைக்கிளையும் மாட்டையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற அந்த மிதவையைப் 'பாதை' என்போமே, அதில்தான். இப்போது பாலத்தால் ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறோம். அப்போது பாதைக்குக் காத்து நின்றே ஒரு நேரம் போய்விடும். அப்பா வரும்போது டீசல் வாசமும் காய்ந்த சேற்று வாசமும் சேர்ந்து வரும். கிழமை முழுதும் மெசின் சத்தத்துக்குள் இருந்தவர் என்பதால் வீட்டுக்குள்ளும் உரத்துத்தான் பேசுவார். "மெல்லப் பேசுங்க, அயலுக்குக் கேக்கும்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள்.

கிழமைக்கொரு முறை வந்தவர் மாதத்துக்கொரு முறை வந்தார். சித்திரை வருடப்பிறப்புக்கு வந்து கைவிசேடக் காசு தந்தார். வைகாசியில் ஒரு நாள் மத்தியானம் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அங்கால் தனக்கொரு குடும்பம் ஆகிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னாராம். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவள் முற்றம் கூட்டுவதில்லை.

அவர் விட்டுப் போனவை மூன்று சாமான்கள். சவரத்துக்குப் பார்க்கிற கைக்கண்ணாடி, குதி தேய்ந்த செருப்பு ஒரு சோடி, தலைக்குப் பூசுகிற கிறீம் பாதிப் போத்தல். போத்தலை என் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். மூடியைத் திறந்தால் சனிக்கிழமை வாசம் வரும். ஒரு நாள் எறும்பு மொய்த்திருக்கிறது என்று அம்மா அதை எடுத்து வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டாள். அவள் வேண்டுமென்று செய்தாள் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். உண்மையிலேயே எறும்பு மொய்த்திருக்கலாம்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அந்த நாட்களில் தினமும் பின்னேரம் வந்து அடுப்படி வாசலில் குந்திக்கொண்டு இருப்பார்.

"வண்ணக்கர்ட்டச் சொல்லுவம் அக்கா. கோயில்ல நாலு பேருக்கு முன்னால கூப்பிட்டுக் கேட்டா மச்சான் வராம எங்க போற?"

கோயில் காரியம் பார்க்கிற வண்ணக்கரின் சொல்லுக்கு அப்போது ஊர் அடங்கும். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"கோயில்ல வச்சுப் பேசி இழுத்துக்கொண்டு வந்த மனிசனுக்கு நான் சோறு போடவா?"

"மறுகா என்ன செய்யப் போறாய்?"

அம்மா களைந்த தண்ணீரை ஊற்றி, அரிசியை உலையில் இட்டு, மூடியையும் வைத்துவிட்டுச் சொன்னாள். "எனக்கு அவர் செத்துட்டார். ஆடி அமாவாசைக்குப் பிள்ளையக் கொண்டுபோய் மாமாங்கத்தில எள்ளுத் தண்ணி இறைச்சுப்போட்டு வரப் போறன்."

மாமா சிரித்தார். கோபம் ஆறினால் மறந்துவிடுவாள் என்று நினைத்தார். தன் அக்காவோடு கூடப் பிறந்து வளர்ந்த மனிதர், அவளைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருந்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்த விரதத்தின் விதி தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் சைவப் பள்ளிக்கூடம் நடக்கும். அதில் நான்தான் எப்போதும் முதலாவது. திருநீற்றை எந்த விரல்களால் எடுப்பது, ஐந்தெழுத்து எது, பதி பசு பாசம் என்றால் என்ன, நாயன்மார் அறுபத்துமூவரின் பெயர், எல்லாம் கேட்டவுடன் சொல்வேன். பொருள் விளங்கியதோ இல்லையோ விடை சரியாக இருக்கும். பழுப்புக் கடதாசி உறை போட்ட எண்பது பக்கக் கொப்பி ஒன்று வைத்திருந்தேன். எந்த விரதம், எந்த மாதம், யார் பிடிக்கலாம் என்று கோடு போட்டுப் பிரித்து எழுதியிருந்தேன். உலகம் அந்தக் கொப்பிக்குள் ஒழுங்காக இருந்தது.

ஆனி கடைசியில் டீச்சர் ஆடி அமாவாசைப் பாடம் எடுத்தார். "சூரியன் தகப்பன், சந்திரன் தாய். அமாவாசையில ரெண்டும் ஒரு வீட்டில நிக்கும். அண்டைக்கு மோசம்போன தகப்பன்மார் நம்மட கையால ஒரு சொட்டுத் தண்ணி கிடைக்காதா எண்டு பாத்துக்கொண்டு நிப்பாங்க. தாய்க்குச் சித்திரைப் பறுவம், முழுநிலவு நாள். தகப்பன் இருக்கிற பிள்ளையள் இந்த விரதம் பிடிக்கப்படாது. எழுதுங்க."

எழுதினேன். கடைசி வரிக்குச் சிவப்பு மையால் அடிக்கோடும் போட்டேன். மற்றப் பிள்ளைகள் எல்லாம் போனபிறகு டீச்சரிடம் போய் நின்றேன்.

"டீச்சர், உயிரோட இருக்கிற ஆளுக்கு ஆரும் எள்ளுத் தண்ணி இறைச்சா என்ன நடக்கும்?"

டீச்சர் குடையை விரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். நன்றாகப் படிக்கிற பிள்ளை நன்றாகக் கேட்கிறது என்று நினைத்திருப்பார்.

"அது பெரிய பாவம் மகள். அந்த ஆள்ட ஆயுசு குறைஞ்சிரும்."

"எவ்வளவு குறையும்?"

"அது சாமிக்குத்தான் தெரியும்" என்று என் தலையைத் தடவிவிட்டு வெயிலுக்குள் இறங்கிப் போனார்.

நானும் பிற்பாடு முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவள். ஒரு பிள்ளையின் முன்னால் 'தெரியாது' என்று சொல்ல வாய் வராத நேரங்கள் எனக்கும் இருந்தன. டீச்சருக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியாது. எந்தப் புத்தகத்திலும் அது இல்லை, நான் தேடிப் பார்த்திருக்கிறேன். குடையை விரிக்கிற நேரத்துக்குள் ஒரு விடையைச் சொன்னார். அந்த விடையோடு நான் வீட்டுக்கு வந்தேன்.

அம்மாவிடம் அதைச் சொல்லியிருக்கலாம். ஒரு சொல் சொன்னால் அவள் நிறுத்தியிருப்பாளோ என்னவோ. நான் சொல்லவில்லை. ஏன் என்று இப்போது தெரிகிறது. "குறையட்டும்" என்று அவள் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.

வயிற்றுக் குத்து என்று படுத்துப் பார்த்தேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழும்பச் சொன்னாள். அமாவாசை அன்று வெளிச்சம் வருமுன் குளிக்க வார்த்து, ஒன்றும் தின்னத் தராமல், முதல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். வெளிறிப்போன நீலச் சேலை உடுத்திருந்தாள். நெற்றியில் திருநீறு மட்டும்.

கோயில் இருக்கிற அமிர்தகழி முழுதும் சனம். கச்சான் கடைகளில் கடலை வறுத்த மணல் வாசம், கற்பூரப் புகை, ஈரத் துணி வாசம். குளத்தைச் சுற்றித் தென்னோலைக் கிடுகுப் பந்தல் போட்டு ஐயர்மார் வரிசையாக இருந்தார்கள். அம்மா ஒருவர் முன்னால் வாழையிலையை விரித்து அரிசி, பூசணிக்காய்த் துண்டு, வாழைக்காய், வெற்றிலை எல்லாம் வைத்தாள்.

"ஆருக்கு?"

"இவட தகப்பனுக்கு."

"ஆம்பிளைப் பிள்ளை இல்லையா?"

"இவள் ஒண்டுதான் ஐயா."

ஐயர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பெரிய பிள்ளையாகல்லத்தானே?"

"இல்ல ஐயா."

"சரி, வந்து இரு பிள்ளை."

தர்ப்பையில் முடிந்த மோதிரத்தை என் விரலில் போட்டார். பெரிய ஆட்களின் அளவு. விழுந்துவிடாமல் கையைப் பொத்திக்கொண்டேன். கறுப்பு எள்ளைக் கொஞ்சம் உள்ளங்கையில் வைத்தார்.

"தகப்பன்ட பேர், நட்சத்திரம் சொல்லு."

நான் நிமிர்ந்து அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் மூன்றாவது ஆளாக அப்பா நின்றார்.

மேல் வெறுமேல், இடுப்பில் நனைந்த வேட்டி, கையில் இலை. கழுத்துக்கு மேலே வெயிலில் கறுத்தும் கீழே வெளுத்தும் அந்தக் கோடு அப்படியே இருந்தது. அவர் தன் தகப்பனுக்காக வந்திருந்தார். ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் தனியாக மாமாங்கம் போய், பின்னேரம் எனக்குக் கச்சான் வாங்கிக்கொண்டு வருகிறவர்தான். அன்றைக்கும் வருவார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

"சொல்லு பிள்ளை, பின்னால சனம் நிக்குது" என்றார் ஐயர்.

அம்மாவும் கண்டுவிட்டாள். என் தோளைப் பிடித்து முன்பக்கம் திருப்பினாள். "சொல்லு மனே" என்றாள்.

என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பெயரை நான் வாயால் சொன்னால் அவர் அந்த இடத்திலேயே விழுந்துவிடுவார் என்று நினைத்தேன். உள்ளங்கை எள் வியர்வையில் ஒட்டிக்கொண்டது.

அப்பா இரண்டு பேரை விலக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் குனிந்தார். தன் பெயரைச் சொன்னார். தகப்பன் பெயரையும் சேர்த்து முழுதாகச் சொன்னார். "ரோகிணி நட்சத்திரம்" என்றார். அவர் அவ்வளவு மெல்லமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க ஆர், சொந்தமா?"

"தெரிஞ்ச ஆக்கள்."

ஐயருக்கு அதற்குமேல் நேரம் இல்லை. மந்திரம் சொல்லத் தொடங்கினார். நடுவில் அப்பாவின் பெயர் வந்தது. செம்பிலிருந்து என் கையில் தண்ணீர் ஊற்றினார். நான் கையைச் சரிக்காமல் இருந்தேன்.

"இறை மனே" என்றார் அப்பா. "தண்ணி வழியுது."

கையைச் சரித்தேன். எள்ளும் தண்ணீரும் பெருவிரல் பக்கத்தால் இறங்கித் தாம்பாளத்தில் விழுந்தன. மூன்று முறை.

அம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. எழும்பி, சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே அவளுடைய தாலி இருந்தது. எப்போது கழற்றினாள் என்று எனக்குத் தெரியாது. நேரே போய் உண்டியலில் போட்டாள். அது விழுந்த சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை.

அப்பா நான் எழும்பிய இடத்தில் இருந்து தன் தகப்பனுக்குச் செய்தார். பிறகு குளத்தில் இறங்கினார். நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதல்முறை முழுகி எழும்பினார். இரண்டாம்முறையும் எழும்பினார். மூன்றாம்முறை தலை மேலே வரவில்லை. வேறு தலைகள் வந்தன, கிழவர்களுடையவை, பெடியன்களுடையவை. பச்சைத் தண்ணீரில் பூவும் வாழையிலையும் மிதந்தன. பிறகு நான் பார்த்த இடத்துக்கு நாலு முழம் தள்ளி எழும்பி, முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு, எங்கள் பக்கம் பாராமல் மற்றப் படியால் ஏறிச் சனத்துக்குள் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மா விரதச் சமையல் சமைத்தாள். காத்தோட்டிக்காய் பொரித்தாள். அந்தக் கசப்பு இல்லாமல் ஆடி அமாவாசை இல்லையே. முதல் பிடி சோற்றைக் காகத்துக்கு வைத்தாள். இறந்தவர் ஏற்றுக்கொண்டால் காகம் வரும் என்பார்கள். வைத்தவுடனேயே வந்து கொத்தித் தின்றது. எனக்குச் சோறு இறங்கவில்லை. யாருடைய பசிக்கு அது வந்தது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அம்மாவுக்கும் அவர் வருவது உறைக்காமல் இருந்ததா? பத்துப் பன்னிரண்டு வருடம் அந்த நாளில் அவருக்கு வேட்டி துவைத்துக் கொடுத்து அனுப்பியவள். எத்தனை மணிக்குப் போவார், எந்தப் பக்கத்துப் பந்தலில் இருப்பார் என்பதெல்லாம் தெரிந்தவள். அவரைச் செத்தவராக்கத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள் என்று நான் நம்பியிருந்தேன். எனக்கும் பிள்ளைகள் பிறந்து, எனக்கும் கோபம் வந்து ஆறி, இந்த வயதும் ஆனபிறகு, அவரை ஒருமுறை காண்பதற்கு அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை என்று தோன்றுகிறது. வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட அவளுக்கு வாய் வராது. அதை அவளிடம் நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

அதன்பிறகு நான் காத்திருந்தேன். வேலிக் கடப்படியில் சைக்கிள் மணி கேட்டால் அடுப்படிக்குள் ஓடிவிடுவேன். அங்காலிருந்து பால் கொண்டுவருகிறவர் வாயைத் திறந்தால் காதைப் பொத்திக்கொள்வேன். சோறு தின்பது குறைந்து எலும்பும் தோலுமாகப் போனேன். மாமா, "தகப்பன நினைச்சுப் பிள்ளை ஏங்கிப் போச்சு" என்றார். அதுவும் சரியில்லை. நான் ஏங்கவில்லை. செய்த காரியத்தின் முடிவுக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொக்கட்டிச்சோலைத் தேருக்குச் சைவப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை டீச்சர் கூட்டிக்கொண்டு போனார். பாதையில் கடக்கும்போது அந்தக் கோயிலின் கதையைச் சொன்னார். உங்களுக்கெல்லாம் தெரிந்த கதைதான். தானாகத் தோன்றிய லிங்கம். கோயிலை இடிக்க வந்த பறங்கித் தளபதி, உங்கள் கல்மாடு புல்லுத் தின்னுமா என்று கேட்டது. பூசை செய்தவர் புல்லை நீட்ட, கல்நந்தி எழும்பித் தின்று சாணமும் போட்டது. எங்களோடு பாதையில் நின்ற ஒரு கிழவர், "மெய்தான், என்ட பாட்டன்ட பாட்டன் கண்டிருக்கார்" என்றார்.

எனக்கு அது கதையாகப் படவில்லை. கல்லுக்கே உயிர் கொடுத்த இடம். ஒரு மனிதனின் குறைந்துபோன ஆயுளை அங்கே திருப்பிக் கேட்கலாம்.

கோயில் வீதியோரத்தில் ஒரு பிடி அறுகம்புல் பிடுங்கிக்கொண்டேன். கற்பூரம் கொளுத்திக் கொளுத்திக் கறுத்துப்போன நந்தியின் முன்னால் வைத்து, எவ்வளவு குறைந்ததோ அவ்வளவையும் திருப்பிக் கொடு என்று கும்பிட்டேன். கண்ணைத் திறந்தபோது உரத்த சிரிப்பொன்று கேட்டது. ஆயிரம் பேருக்குள்ளும் எனக்கு அது தெரியும்.

தண்ணீர்ப் பந்தலில் நின்று அப்பா மோர் வார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் உடம்பு வைத்திருந்தார். பக்கத்தில் நின்றவர் ஏதோ சொல்ல, அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஒன்றரை மாதமாக நான் சரியாக ஒரு வாய் சோறு தின்றதில்லை. அவர் கன்னம் பளபளத்து நின்றார். அப்போது எனக்கு வந்த கோபத்தை உங்களிடம்தான் முதல்முறை சொல்கிறேன். செத்திருக்கலாம் என்று நினைத்தேன்.

என்னைக் கண்டதும் அகப்பையை மற்றவரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

"ஆரோட மனே வந்தாய்?"

"டீச்சரோட."

"அம்மா?"

"வரல்ல."

மோர்க் கோப்பையை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"உங்களுக்கு ஒண்டும் செய்யல்லையா?" என்று கேட்டேன்.

"என்ன செய்யிற?"

டீச்சர் சொன்னதைச் சொன்னேன். குறைகிற அளவு சாமிக்குத்தான் தெரியும் என்றதையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் என் உயரத்துக்குக் குந்தினார்.

"இதையா இவ்வளவு நாளும் வச்சுக்கொண்டு திரிஞ்ச?"

நான் தலையை ஆட்டினேன்.

"உன்னில ஒண்டும் இல்ல மனே. பேரச் சொன்னது நான். பாவம் எண்டு ஒண்டு இருந்தா அது என்ட."

அதற்காகத்தான் அன்றைக்கு முன்னால் வந்து சொன்னாரா, இல்லை, பின்னால் சனம் நிற்கிறதே என்று சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

"வீட்ட வாங்க" என்றேன்.

அவர் கிறுகிப் பந்தலைப் பார்த்தார். அங்கே ஒரு பெண் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தபடி நின்றாள். நிறைமாதம். கோபக்காரி மாதிரித் தெரியவில்லை. களைத்துப்போன முகம். கால் வீங்கியிருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. மோரை வாங்கிக் குடித்து, கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வரும் வழியில் நந்தியிடம் போனேன். என் புல்லை எடுத்துவிட வேண்டும் என்று இருந்தது. அதற்குள் எத்தனையோ பேர் புல்லுக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். எல்லாம் ஒரே அறுகம்புல். என்னுடையது எது என்று தெரியவில்லை.

பிறகு சூறாவளி வந்தது. எங்கள் கூரை, வேலி, முற்றத்துத் தென்னை இரண்டு, என் பழுப்பு உறைக் கொப்பி எல்லாம் ஒரே இரவில் போயின. அம்மாவும் நானும் பள்ளிக்கூடக் கட்டடத்தில் கிடந்துவிட்டு வந்து, வானம் தெரிகிற வீட்டுக்குள் அடுப்பு மூட்டினோம். நாலாம் நாள் அப்பா வந்தார். பாதை ஓடவில்லை, யாருடைய தோணியிலோ கிடுகுக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். ஒன்றும் கேட்காமல் சுவரில் ஏணியைச் சாத்தி ஏறினார். இரண்டு நாள் வேலை. பிள்ளையார் கோயில் மண்டபத்தில் படுத்தார்.

அம்மா அவரோடு பேசவில்லை. தேத்தண்ணி ஊற்றி என் கையில் தந்து, "அந்த ஆளுக்குக் குடு" என்பாள். சீனி எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். அவர் ஏணியில் நின்றபடியே குடித்துவிட்டுக் கோப்பையைத் தருவார். இரண்டாம் நாள் பொழுதுபடப் போய்விட்டார். அம்மா முற்றத்தில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தாள். "சரியாத்தான் கட்டியிருக்கு" என்றாள்.

அதற்குப் பின்னால் வந்த வருடங்களை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எல்லோரும் ஒரே சண்டைக்குள்தான் கிடந்தோம். இந்தக் கரை ஆமியின் கையில், அந்தக் கரை இயக்கத்தின் கையில். வாவியைக் கடப்பதற்கு அடையாள அட்டையும் காரணமும் வேண்டியிருந்தன. நான் படிப்பித்து, கலியாணம் முடித்து, என் மூத்தவனையும் பெற்றிருந்தேன். கலியாணத்துக்குச் சொல்லி அனுப்பினோம். அப்பா வரவில்லை, வர முடியவில்லை என்று சொல்லி அனுப்பினார்.

ஒரு நாள் காலை பால்காரர் கடப்படியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வரம்பில் பாம்பு தீண்டி அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், நேற்று முன்தினம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வழி திறந்திருக்கவில்லை. அங்கே பிறந்த மகன் கொள்ளி வைத்துவிட்டான். அன்று நான் நிறைமாதமாகப் பார்த்த வயிற்றுப் பிள்ளை.

நான் சுவரோடு சாய்ந்து இருந்துவிட்டேன். மாமா வந்தார், அயல் வந்தது. சாவுத் துடக்குக் காப்பதா, முப்பத்தொரு நாளும் காப்பதா, வீட்டில் அடுப்பு எரியலாமா என்று பேசத் தொடங்கினார்கள். அம்மா எழும்பி அடுப்படிக்குப் போனாள்.

"எங்களுக்குத் துடக்கில்ல" என்றாள். "நாங்க அப்பவே கழிச்சிட்டம்."

அடுப்பை மூட்டினாள். உலை வைத்தாள். அடுத்த நாள் என்னையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னாள். அவள் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று அயலில் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், நினைத்ததை மறைக்க வேண்டாம்.

ஒரு கிழமை போனபிறகுதான் கவனித்தேன். வீட்டில் மீன் மச்சம் சமைக்கவில்லை. பருப்பு, பூசணிக்காய், கீரை. மீன்காரரின் சைக்கிள் ஹோர்ன் கேட்டால் அம்மா உள்ளே போய்விடுவாள். வாவி மீன் இல்லாமல் ஒரு நேரச் சோறு தின்னாத மனுசி. கேட்டபோது, "வயிறு சரியில்ல" என்றாள். மறுபடி கேட்டபோது, "இப்ப வாற மீன் நல்லாயில்ல" என்றாள். நான் அதற்குமேல் கேட்கவில்லை. முடிந்தவரை அவளைப் பாராமல் இருந்தேன். அவளும் என்னைப் பாராமல்தான் கீரை ஆய்ந்தாள். தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. மகனுடைய முதலாம் பிறந்தநாள் அந்த நாட்களுக்குள் வந்தது. "பிறகு பாப்பம்" என்று தள்ளிப்போட்டாள்.

முப்பத்தொரு நாள் போனது. முப்பத்திரண்டாம் நாள் காலையில் தலை முழுகி, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு, ஹோர்ன் கேட்குமுன்பே கடப்படியில் போய் நின்றாள். மீன்காரரை மறித்துச் செவுளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நேற்றைய மீன் என்று சண்டை பிடித்து, நாலு திரளி வாங்கினாள். புளி விட்டுக் குழம்பு வைத்தாள். எனக்கொரு சோற்றுக் கோப்பையில் போட்டுத் தந்துவிட்டு, தனக்கும் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் இருந்தாள்.

"உப்புக் காணுமா மனே?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

அவள் முள்ளை எடுத்துக் கோப்பையின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தின்னத் தொடங்கினாள்.